துறைமுகத்துக்கு வடக்கே ஒரு பகல்

உல்லாசக் கப்பலில் போவதென்றால் அது வெள்ளைக்காரர்களுக்கும் கோடீசுவரர்களுக்கும் உள்ள சமாசாரம், நமக்கு அதைப் பத்திரிகையில் படமாகப் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருக்கிறது என்று ஒரு காலத்தில் இருந்தோம். இப்போது அப்படியில்லை. 2022 ஜூன் மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஓர் உல்லாசக் கப்பல் விசாகப்பட்டினம் பக்கம் கிளம்பியது. 2023 ஜூனில் அதே மாதிரி ஒரு கப்பல் இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஒவ்வொரு துறைமுகமாகத் தொட்டுவிட்டு வந்தது. வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிற கப்பல்களும் உண்டு. குளிர்காலத்தில்தான் அதிகம் வரும்.

இந்தப் பயணங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரவெல்லாம் கப்பல் ஓடும். விடிந்ததும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் கரையிறங்கி ஊரைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த பஸ்ஸில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகச் சுற்றப் போய்த் தாமதமானால் அது பாட்டுக்குப் போய்விடும்!

மத்தியதரைக் கடலில் இந்த மாதிரிக் கப்பல்கள் ஏராளம். ரோமாபுரி பார்க்கப் போகிறவர்கள் சிவிட்டவெக்கியா என்கிற துறைமுகத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து ரோமாபுரி சுமார் 80 கிலோமீட்டர். ஏதென்ஸ் பார்க்கிறவர்கள் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்குவார்கள். இறங்கினதும் பஸ் ஏறி ஓட்டம்தான். இறங்கின ஊரில் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு.

நம் சென்னையிலும் அதே கதைதான். துறைமுக வாசலை விட்டு வெளியே வந்தால் பஸ்கள் எல்லாம் தெற்கே திரும்பிவிடும். கோட்டை, மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம். வடக்கே திரும்பினால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். அந்தப் பக்கம் எந்த பஸ்ஸும் திரும்பாது. அந்தப் பக்கம்தான் எங்கள் வீடு இருக்கிறது.

நாத்தனார் வந்த கதை

சென்ற தை மாதம் ஒரு புதன்கிழமை, அப்படி வந்த ஒரு கப்பலில் என் நாத்தனாரும் அவர் கணவரும் வந்து இறங்கினார்கள். பினாங்கில் இருக்கிறார்கள். அண்ணனுக்கு (நாத்தனார் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) வேலை ஓய்வு ஆகி, பிள்ளைகள் சேர்ந்து இந்தப் பயணத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வழியில் சென்னையில் ஒரே ஒரு பகல் கப்பல் நிற்கும் என்று தெரிந்ததும் நாத்தனார் போன் பண்ணினார். "மகாபலிபுரமெல்லாம் வேணாம்மா. நம்ம ஊரைப் பாத்தாப் போதும். அம்மா இருந்த இடத்தைப் பாத்தாப் போதும்" என்றார்.

அவர் 1984-ல் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனதும் இதே துறைமுகத்திலிருந்துதான். அப்போது 'சிதம்பரம்' என்ற கப்பல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்கு 'ரஜூலா'. நம் பாட்டி, தாத்தா வயதுக்காரர்களைக் கேட்டால் ரஜூலா கப்பலைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பல பேர் மாண்டார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. பிறகு எல்லாம் விமானம்தான்.

நாத்தனார் கடைசியாக வந்தது 1999-ல், எங்கள் கல்யாணத்துக்கு. பிறகு குழந்தைகள் படிப்பு, அண்ணனுக்கு ஆபரேஷன், கொரோனா என்று தள்ளிப்போய் இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இடையில் 2011-ல் என் மாமியார் காலமானார். அதற்கும் அவரால் வர முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விசா, சோதனை எல்லாம் முடிந்து அவர்கள் வாசலுக்கு வர எட்டே முக்கால் ஆகிவிட்டது. நாலரை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். நானும் இவரும் ஒரு வாடகைக் காருடன் காத்திருந்தோம். நாத்தனார் தம்பியைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை, கன்னத்தைத் தடவினார். பத்து வயதுப் பையனாக, கப்பலைப் பார்த்துக் கையாட்டி நின்ற தம்பிக்கு இப்போது தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

ராயபுரம்

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். பம்பாய்க்கு ரயில் வந்தது 1853-ல், கல்கத்தாவுக்கு 1854-ல். அடுத்தது நம் ராயபுரம்தான். அந்த இரண்டு இடங்களிலும் பழைய கட்டடங்கள் போய்விட்டன. இங்கே உயரமான தூண்களோடு கட்டடம் இன்னும் நிற்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது 1873-ல். அதுவரை பட்டணத்துக்கு ரயிலில் வந்தவர்கள் எல்லாம் இந்த வாசலில்தான் இறங்கினார்கள் என்று இவர் சொன்னதும், "தினமும் இது வழியா ஸ்கூலுக்குப் போயிருக்கேன், எனக்கு இது தெரியாதே!" என்றார் நாத்தனார். நம் ஊர் விஷயத்தில் பாதிப் பேர் அப்படித்தானே?

ராயபுரத்துக்கு அந்தப் பெயர் இராயப்பரால் வந்தது என்பார்கள். கத்தோலிக்கர்கள் பேதுருவைத் தமிழில் இராயப்பர் என்றுதான் சொல்வது. படகுக்காரர்கள் சேர்ந்து எழுப்பிய இராயப்பர் கோவில் இங்கே இருக்கிறது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றிவரும். அலை தூக்கிப் போடுகிற போடில் உடம்பு நனையாமல் சென்னையில் இறங்கினவர்கள் கிடையாதாம். அந்தப் படகுக்காரர்களின் கோவில் அது. சற்றுத் தள்ளி 1910-ல் கட்டிய பார்சிகளின் அக்னிக் கோவில். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியைக் கார் தாண்டும்போது நாத்தனார் கண்ணாடியை இறக்கிவிட்டு, "நான் பொறந்த இடம்ங்க இது" என்று அண்ணனுக்குக் காட்டினார். வடசென்னையில் பாதிப் பேர் பிறந்த இடம் அதுதான். பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1780-களின் பஞ்சத்தில் ஏழைகளுக்குத் தொட்டி தொட்டியாகக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. ஊரில் எத்தனையோ பேர் மாறிவிட்டது. கஞ்சி ஊற்றினவர்களின் நினைவு மட்டும் ஜனங்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

கடற்கரை எங்கே போயிற்று?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டிக் கடலோரச் சாலையில் வண்டி போனது. ஒரு பக்கம் வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள். மறுபக்கம் மலை மாதிரி குவித்த கருங்கற்கள். அதற்கப்பால் கடல்.

"மணலைக் காணோமே தம்பி? நாம சடுகுடு ஆடுவோமே, அந்த மணல் எங்கே?" என்று கேட்டார் நாத்தனார்.

இவர் சிரித்துக்கொண்டே, "அது மெரினாவுக்குப் போயிடுச்சு அக்கா" என்றார்.

வேடிக்கைக்குச் சொன்னாலும் அதுதான் உண்மை. நம் வீட்டு வாசல் கால்வாயில் குறுக்கே ஒரு கல்லைப் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வருகிற பக்கத்தில் மண் சேரும், போகிற பக்கத்தில் தரை அரிக்கும். கடலிலும் அப்படித்தான். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் மணல் போவது வடக்கேதான். 1876-ல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் எழுப்பத் தொடங்கினார்கள். முடிகிற தறுவாயில் 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அவற்றை உடைத்தது. திரும்பவும் கட்டினார்கள். அந்தச் சுவர்களில் மணல் தடைப்பட்டுத் தெற்கே சேர ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கடல் கோட்டைக்குக் கிட்டத்திலேயே இருந்தது. மணல் சேரச் சேர அது விலகிப் போயிற்று. நாம் குடும்பத்தோடு போய் சுண்டல் சாப்பிடுகிற மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே வந்தது. வீடுகள், தெருக்கள், கோவில்கள் என்று போயின. அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு 2000-களில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி 'தூண்டில் வளைவு'கள் கட்டினார்கள். அவற்றின் இடுக்கில் இப்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது.

சுவர் எழுப்பினவர்கள் யாருக்கும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார்கள். புயலில் கப்பல்கள் உடையாமல் இருக்கத்தானே கட்டினார்கள்? என் மாமனாரே கப்பல் சரக்கு இறக்குகிற வேலை பார்த்துத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். துறைமுகம் இல்லாவிட்டால் எங்கள் குடும்பமும் இல்லை. ஆனாலும் மெரினாவில் நடக்கும்போது, இது எங்கள் பக்கத்து மணல் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

திருவொற்றியூர்

பத்து மணிக்குத் திருவொற்றியூர் கோவிலில் இருந்தோம். நடை பகல் பன்னிரண்டு மணி வாக்கில் சாத்திவிடுவார்கள். ஆகவே கோவில் முதலில், மீன் சாப்பாடு பிறகு என்று முதல்நாளே திட்டம் போட்டிருந்தேன்.

தியாகராஜர், ஆதிபுரீஸ்வரர், வடிவுடை அம்மன். தேவாரம் பாடப்பெற்ற தலம். ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். வருஷம் முழுவதும் கவசத்தோடுதான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்துப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி சேர்ந்து வந்தால் பெண்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் இந்த வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மன்களையும் தரிசிக்க ஓடுவார்கள்.

பிராகாரத்தில் மகிழ மரத்தடியில் உட்கார்ந்தோம். சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள, "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று அவர் சத்தியம் செய்து கொடுத்தது இந்த மகிழடியில்தான். கொஞ்ச காலத்தில் திருவாரூர் நினைப்பு வந்து புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டினதும் பார்வை போய்விட்டது. பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்தன என்பார்கள்.

"ஊரை விட்டுப் போனவங்களுக்கெல்லாம் கண்ணு போறதுன்னா, மலேசியாவுல பாதிப் பேருக்குக் கண்ணு இருக்காது" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். நாத்தனார் மட்டும், "அந்தச் சங்கிலி என்ன ஆனாளோ? அவளைப் பத்தி யாரும் சொல்றதில்லையே" என்றார். பெண்ணாகப் பிறந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

பட்டினத்தார் கோவிலில் ஒரு கேள்வி

கோவிலிலிருந்து கடல் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வியாபாரம் பண்ணின பெரும் பணக்காரர். காதில்லாத ஊசியால் ஞானம் பெற்று எல்லாவற்றையும் துறந்தவர். ஆனால் அம்மா போனபோது மட்டும் வந்து கொள்ளி வைத்தார். துறவியாலும் துறக்க முடியாத ஓர் உறவு உண்டென்றால் அது தாய்தான் என்பதற்கு அவர் கதையைத்தான் சொல்வார்கள்.

இவரும் அண்ணனும் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் நாத்தனாரும் சமாதிக்கு எதிரே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். காற்று நன்றாக வந்தது. திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லும்மா. அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?" என்றார்.

பதினாலு வருஷமாக அவர் மனசில் கிடந்த கேள்வி. போனில் கேட்க முடியாத கேள்வி.

2011-ல் மாமியார் படுத்த அதே வாரம், பினாங்கில் நாத்தனாரின் மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இங்கே டாக்டர் கைவிரித்துவிட்டார். இவர் அக்காவுக்குப் போன் பண்ணக் கிளம்பியபோது மாமியார்தான் தடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அதை நாத்தனாரிடம் சொன்னேன்.

"கேட்டாங்க அண்ணி. தினமும் கேட்டாங்க. 'பேத்திக்குப் பொறந்துடுச்சா, பொறந்துடுச்சா'ன்னுதான் கேட்டாங்க. 'அவ பொண்ணுக்குப் பிரசவம் பாக்குறா. நல்லபடியா குழந்தை பொறந்தப்புறம் சொல்லுங்க. நான் போறது இருக்கட்டும், வர்றது நல்லபடியா வரட்டும்'னு சொன்னாங்க. குழந்தை பொறந்த சேதி வந்தது. அதைக் காதுல கேட்டாங்க. மறுநாள்தான் போனாங்க."

நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். நான் தடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வரலைன்னு கோவமாப் போயிருப்பாங்கன்னு இத்தனை நாள் நெனைச்சிட்டிருந்தேன்" என்றார்.

சகோதரிகளே, நம் வீடுகளில் இந்த மாதிரிச் சொல்லாமல் விட்ட வார்த்தைகள் எத்தனை இருக்கின்றன! பெரியவர்கள் கடைசியாகச் சொன்னதைத் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எல்லாருக்கும் கப்பல் ஏறி வந்து கேட்க வாய்ப்புக் கிடைக்குமா?

வீடு இருந்த இடம்

அவர்கள் பிறந்து வளர்ந்த வாடகை வீடு கடலோரத்தில் இருந்தது. 1999-ல் நான் அந்த வீட்டுக்குத்தான் மருமகளாக வந்தேன். அப்போதே கொல்லைக் கதவைத் திறந்தால் அலைத் திவலை முகத்தில் அடிக்கும். இரண்டு வருஷத்தில் கொல்லைச் சுவர் விழுந்தது. தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டோம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது அந்த இடத்தில் வீடே இல்லை.

இவர் ஒரு கல் குவியலைக் காட்டி, "சுமாரா இந்த இடம்தான் அக்கா. சமையல்கட்டு இதுக்கும் அப்பால" என்று கடலைக் காட்டினார். நாத்தனார் ஒரு கல்லின்மேல் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை. "சாயங்காலம் ஆனா அம்மா இங்கே வந்து நின்னு, நிக்கற கப்பலையெல்லாம் எண்ணுவாங்களாமே, தம்பி எழுதுவான்" என்றார். ஆமாம். மகள் போன திசை என்று மாமியாருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வடக்கே எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள் தெரிந்தன. பஸ், லாரி செய்கிற தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை என்று நாடு முழுக்கப் பெயர் பெற்றவை எல்லாம் இந்தப் பகுதியில் வளர்ந்தவைதான். ஊர் ஊராக ஆட்கள் வேலை தேடி வந்து குடும்பம் நடத்தியதும் இங்கேதான். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கக்கூடாதென்று உயர்நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட்டது. ராயபுரத்துக்குக் கரித்தூள் குறைந்தது. ஆனால் கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. தூசி வீடு மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பெரிய இயந்திரங்களால் ஆகாததை ஆட்கள் இறங்கி வாளி வாளியாக அள்ளினார்கள். அப்போது எத்தனை நாள் மீன் விற்காமல் கூடைக்காரப் பெண்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நாங்கள் பார்த்தோம்.

சாப்பாடும் அவசரமும்

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். விடியற்காலையிலேயே இவர் காசிமேட்டு ஏலத்துக்குப் போய் நெத்திலி, வஞ்சிரம், பால்சுறா வாங்கி வந்து வைத்திருந்தார். என் ஓரகத்தி எல்லாவற்றையும் சமைத்துத் தயாராக வைத்திருந்தாள். மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு, வஞ்சிர வறுவல், சுறாப் புட்டு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்து நிறையக் கிடைக்கும். மத்தியில் இருதயத்துக்கு நல்ல கொழுப்பு இருக்கிறது. இரண்டும் விலை மலிவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் பெரிய சுறா மாதிரி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆகவே கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களாகச் சாப்பிடுவது நல்லது.

"அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்றார் நாத்தனார். மாமியாரிடம் கற்றுக்கொண்டதுதானே!

இரண்டே முக்காலுக்குப் புறப்பட்டால் சாலை முழுக்க லாரி. கார் நகரவே இல்லை. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகம் கொழும்பு! இவர் சட்டென்று, "இறங்குங்க மாமா, மெட்ரோவுல போயிடலாம்" என்றார். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது எங்களுக்கெல்லாம் பெரிய வரம். தண்டையார்பேட்டையில் ஏறினால் மண்ணடி மூன்றாவது ஸ்டேஷன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்றரைக்கு மண்ணடியில் இறங்கியபோது நேரம் மிச்சம் இருந்தது. பர்மா பஜார் பக்கம் நடந்தோம். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கடை போட்டுப் பிழைத்த இடம். அவர்கள் கொண்டுவந்தது அத்தோ. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், பொரித்த வில்லை, புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். வயிறு நிறைய மீன் சாப்பிட்டும் ஒரு தட்டு வாங்கி நாலு பேரும் பங்கு போட்டோம். "எங்க ஊர் மீ கோரெங்குக்கு இது ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். நாலேகாலுக்குத் துறைமுக வாசலில் விட்டோம். உள்ளே போகும்போது நாத்தனார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நீங்களும் போகலாம்

கப்பலில்தான் வரவேண்டும் என்றில்லை. சென்னையிலேயே இருக்கிற பல பேர் வடக்கே ஒரு தடவைகூட வந்ததில்லை. விருந்தாளிகள் வந்தாலும் தெற்கேதான் கூட்டிப் போகிறோம். ஒரு நாள் மாற்றிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த சில யோசனைகள்:

கோவிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பன்னிரண்டுக்கு மேல் போனால் மாலை வரை காத்திருக்க வேண்டும். மெட்ரோவில் 'திருவொற்றியூர் தேரடி' ஸ்டேஷனில் இறங்கினால் கோவில் நடக்கிற தூரம்தான். அதற்கு முந்தின ஸ்டேஷன் காலடிப்பேட்டை. கோலட் என்ற கவர்னர் 1700-களில் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய 'கோலட் பேட்டை' ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொன்னால் ரசிப்பார்கள்.

காசிமேட்டில் மீன் வாங்க விடியற்காலையில் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடைக்காலம். அப்போது மீன் வரத்து குறைவு, விலை ஏறும். தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போடுங்கள். கூடையும் ஈரத்துணியும் எடுத்துப் போங்கள்.

கடலோரக் கற்களின்மேல் குழந்தைகளை ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும், அலை எப்போது எழும்பும் என்று சொல்ல முடியாது. குடிதண்ணீர், குடை அவசியம். நல்ல கழிப்பறை வழியில் கிடைப்பது கஷ்டம். அதற்கும் சேர்த்து நேரத்தைத் திட்டமிடுங்கள்.

சாலையில் லாரிக் கூட்டம் எப்போது சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயில், கப்பல், விமானம் என்று நேரத்துக்குப் போக வேண்டியிருந்தால் திரும்பும்போது மெட்ரோவையே நம்புங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். இந்தத் தெருக்களைப் பற்றி அவர்களிடம் கேட்டால்தான் கிடைக்கிற விஷயங்கள் நிறைய உண்டு. ஒரு பகல் பொழுது அதற்குத் தாராளமாகப் போதும்.